அடுத்தது தானாகவே ஓடும்

ஈயைப் பார்த்தது நான் மட்டும்தான். வினோத்தின் டிபன் டப்பாவில், சாம்பார் சோற்றின்மேல் வந்து உட்கார்ந்தது. அவன் விரல்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பிசைந்துகொண்டிருந்தன. கண் போனில். சோறு சோறாக இல்லை, குழந்தைக்கு ஊட்டுகிற கூழாகிவிட்டது. விரல் இடுக்கில் வழிந்து மணிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. அவனுக்குத் தெரியவில்லை.

"டேய், ஈடா" என்றேன்.

"ம்" என்றான். ஈ இருந்த கவளத்தை அப்படியே உருட்டி வாயில் போட்டான். மென்றான். விழுங்கினான்.

என் டப்பாவை மூடிவிட்டேன்.

ஈயைத் தின்று யாரும் சாகவில்லை. ஆனால் சாப்பாடு முடிந்து மணி அடித்ததும் இவன் கை தகடு அடிக்கிற பவர் பிரஸ்ஸுக்குள் போகப் போகிறது. அந்தக் கண்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். வினோத் என் மனைவி எல்லம்மாவின் தம்பி. எங்களோடுதான் மேனாம்பேட்டில் இருக்கிறான். அவனை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது நான். எங்கள் தெருவில் பிரஸ் வேலைக்குப் போய் விரலை விட்டு வந்த ஆட்களை, டீ கிளாஸைப் பிடிக்கிற விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எல்லம்மா அதைப் பார்த்து வளர்ந்தவள். தம்பி வேலைக்குப் போன முதல் நாள் அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"வேல கத்துக்கறானோ இல்லியோ, கைய முழுசா ஊட்டுக்கு இட்டாந்துடு."

எங்கள் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. பெயர் வேண்டாம். வண்டி சீட்டுக்கு அடியில் வைக்கிற இரும்புப் பட்டைகளை அடித்துக் கொடுக்கிறோம். தகட்டை டை என்கிற கீழ் அச்சின்மேல் வைக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், மேலேயிருந்து பஞ்ச் என்கிற இரும்பு இறங்கி ஒரே அடி. பீஸை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த தகடு. பொத்தான் இரண்டு, வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பஞ்ச் இறங்கும். இரண்டு கையும் பொத்தான்மேல் இருந்தால் எந்தக் கையும் டைக்குள் இருக்க முடியாது. அதைக் கண்டுபிடித்தவன் நல்ல மனுஷன்.

ஆனால் பிரஸ்கள் வரிசையாக நிற்கிற எங்கள் ஷாப்பில் இடது பொத்தான் எப்போதும் அழுந்தியேதான் இருக்கும். எண்ணெய் துடைக்கிற பனியன் துணியைக் கிழித்து, திரியாக முறுக்கி, பொத்தான்மேல் இறுக்கிக் கட்டிவிடுவோம். அப்புறம் வலது கையால் அழுத்தலாம், இடது கையால் பீஸை எடுக்கலாம். வேலை பறக்கும். எல்லா பிரஸ்ஸிலும் அப்படித்தான், என்னுடையதிலும். பொருள் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆடிட் என்று சோதிக்க ஆட்கள் வந்தால், சூப்பர்வைசர் ராகவன் முன்னால் ஓடி வந்து கைதட்டுவார். உடனே எல்லாரும் துணியை அவிழ்த்துப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வோம். வந்தவர்கள் போனதும் மறுபடி கட்டுவோம். இங்கே வேலை செய்கிற எல்லாருடைய பாக்கெட்டும் எண்ணெய்க் கறைதான். சுவரில், 'இரண்டு கைகளாலும் இயக்கவும்' என்று பெரிய போர்டு. முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். கற்ற புதிதில் கண்ணில் படுகிற போர்டையெல்லாம் படிப்பேன். அந்தப் போர்டை இப்போது படிப்பதில்லை. அதற்குக் கீழேயே நின்று துணி கட்டுகிறவனுக்கு அது எதற்கு?

போன வருஷம் வரைக்கும் இந்த ஷாப்பில் போனில் தொடர்கதை பார்க்கிற விதம் வேறு. ஒரு லாரி டிரைவர் கதை ஓடிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு பாகம்தான் விடுவார்கள். வெள்ளிக்கிழமை வரும். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மணவாளன் தன் போனை என் டிபன் கேரியர்மேல் சாய்த்து வைப்பான். என் பக்கத்து பிரஸ்ஸில் நிற்கிற ஜம்புலிங்கம் முதல் ஆளாக வந்து முன்னால் உட்கார்ந்து மறைப்பான். பேக்கிங் பக்கத்திலிருந்து ரேகா முறுக்கு டப்பாவோடு வருவாள்.

"ஜம்பு, தலைய எட்றா. கதைல உன் மண்ட மட்டும் தான் தெரிது."

"உனுக்குத் தெரிஞ்சி இன்னா ஆவப் போது? நேத்தே உங்க ஊட்டுக்காரரோட பாத்துட்டு தான வந்துகீற?"

"உங்க மூஞ்சிங்கள பாக்கறதுக்குத் தான்டா ரெண்டாவது தபா பாக்கறேன்."

பாதிக் கதை எனக்குப் புரியாது. மீதிப் பாதியில் தூங்கிவிடுவேன். பரவாயில்லை. திங்கட்கிழமையிலிருந்து டீக்கடையில் அதையேதான் பேசுவார்கள். கேட்டுக்கொண்டிருந்தாலே முழுக்கதையும் வந்துவிடும். டிரைவரின் பெண்டாட்டி திரும்பி வருவாளா மாட்டாளா என்று ஜம்புவுக்கும் மணவாளனுக்கும் சண்டை வந்து, ஒருத்தன் அம்மாவை ஒருத்தன் இழுத்துத் திட்டி, அடுத்த சனிக்கிழமை வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒழுக்கசீலர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிரஸ் ஓடும்போது எவன் கண்ணும் டையை விட்டு நகர்ந்ததில்லை. கதை சனிக்கிழமைதான் வரப்போகிறது, அவசரப்பட்டு என்ன செய்வது?

அப்புறம் இந்தக் கதை வந்தது. மலைமேல் ஒரு பெரிய பங்களா. அந்த வீட்டு மருமகள் தண்ணீர்த் தொட்டியில் செத்துக் கிடக்கிறாள். யார் கொன்றது? எல்லாப் பாகத்தையும் ஒரே நாளில் கொட்டிவிட்டார்கள், கல்யாண மண்டபத்தில் மிஞ்சினதையெல்லாம் ஒரே அண்டாவில் கவிழ்க்கிற மாதிரி.

மணவாளன் ஒரே இரவில் அத்தனையும் பார்த்துவிட்டு மறுநாள் கேட்டில் வந்து நின்றான். கண் இரண்டும் புண். வாய் நாறியது. பல்கூட விளக்காமல் வந்திருந்தான்.

"முட்சிட்டேன் மாமே! யாருனு சொல்லட்டா?"

எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அவனுக்கு அதில் ருசி கண்டுவிட்டது. அன்றிலிருந்து அவன் ராஜ்ஜியம். தண்ணி பாட்டிலை நிரப்பிக் கொண்டுவா, இல்லையென்றால் சொல்லிவிடுவேன். என் ஸ்கிராப் தகட்டையும் சேர்த்து அள்ளு, இல்லையென்றால் சொல்லிவிடுவேன். அவன் வாயைத் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொருத்தனும் ஓட ஆரம்பித்தான். கதை பிடித்துப்போய் யாரும் பார்க்கவில்லை, மணவாளனுக்குப் பயந்து பார்த்தார்கள். சீக்கிரம் முடிய வேண்டுமென்று வேகத்தைக் கூட்டிவைத்துப் பார்த்தார்கள். கதையில் வருகிறவர்களெல்லாம் எலி மாதிரி கீச்சுக் கீச்சென்று பேசினார்கள். ஒருநாள் மூத்திரம் பெய்ய நிற்கிறேன், பக்கத்தில் நிற்கிறவன் சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு பெண் கீச்சுக் குரலில் அழுகிறாள். அவன் ஒரு கையால் போனைப் பாக்கெட்டிலிருந்து தூக்கித் தூக்கிப் பார்க்கிறான். தூ.

இப்போது ஒவ்வொருத்தனாக முடித்துக்கொண்டே வந்து, பாக்கி நின்றது வினோத்தும் ரேகாவும்தான். வினோத்துக்கு வீட்டில் பார்க்க வழியில்லை. எங்களுக்கு இருப்பது ஒரே அறை. சத்தம் கேட்டால் எல்லம்மா போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிடுவாள். அதனால் கதையைப் பிரஸ்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டான். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பெயர்த்துப் போன் உறையில் ஒட்டினான். பிரஸ்ஸின் உடம்பு இரும்புதானே. முகத்துக்கு நேராக, பஞ்ச் இறங்குகிற இடத்துக்கு ஒரு சாண் மேலே, பல்லி மாதிரி பிடித்துக்கொண்டது போன்.

ஒரு பாகம் முடிந்தால் அடுத்தது தானாகவே ஓடுமாம். கையைக்கூட எடுக்க வேண்டாமாம். வினோத் பெருமையாகச் சொன்னான். எங்கள் பிரஸ்ஸிலும் அப்படி ஒரு விசை உண்டு. ஒரு அழுத்துக்கு ஒரு அடி என்று வைக்கலாம், நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும்படியும் வைக்கலாம். நிற்காத அடியை வைத்துக்கொண்டு எந்தப் பழைய ஆளும் டைக்கு அருகில் கையைக் கொண்டுபோக மாட்டான்.

முதலில் நான் செய்தது, சொல்லிப் பார்த்தது.

"வினோத்து, போன எட்றா."

"காது தான் மாமா கதைல கீது. கண்ணு இங்க தான் கீது."

"ஈயத் துன்னியே, அப்ப கண்ணு எங்க இருந்திச்சி?"

"இன்னும் ரெண்டு மூணு எபிசோட் தான் மாமா. முட்சிட்டு தூக்கி வெச்சிடறேன். இல்லாங்காட்டி மணவாளன் சொல்லிடுவான்."

டீ நேரத்தில் அவன் வெளியே போனபோது, அவன் பிரஸ்ஸின் இடது பொத்தானில் இருந்த துணியை நான் அவிழ்த்துவிட்டேன். திரும்பி வந்து மறுபடி கட்டப் போனவனை, "கட்டினா கைய ஒடச்சிடுவேன்" என்று மிரட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கையாலும் ஓட்டினான். நிம்மதியாக என் பிரஸ்ஸுக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரம்தான். ராகவன் வந்துவிட்டார். தென்பக்கத்து ஊர்க்காரர், பருத்திப்பட்டில் ஃபிளாட் வாங்கியிருக்கிறார். மெஷின் சத்தத்தை வைத்தே எது மெதுவாகப் போகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்.

"என்ன பரந்தாமன், இது மட்டும் நொண்டுது?"

"துணிய நான் தான் சார் அவுத்தேன். பையன் போனப் பாத்துகினே ஓட்றான். கை பூடும்."

"அப்ப போனை எடுக்கச் சொல்லுங்க. துணியை ஏன் அவுக்கணும்?"

அவரே குனிந்து, தன் வெள்ளைச் சட்டையில் எண்ணெய் படாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, துணியைக் கட்டினார். நிமிர்ந்தபோது கண் போனில் விழுந்தது. நின்றுவிட்டார். வினோத்தின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"இந்த எபிசோட் சும்மா இழுவைப்பா. தள்ளிவிடு. நான் ஞாயித்துக்கிழமை உக்காந்தேன், எந்திரிக்கவே இல்லையே! சாப்பாடு கூட மூணு வேளையும் ஆர்டர்தான்."

போனை எடுக்கச் சொல்லாமலேயே போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முடிவு தெரியாததால்தானே இவன் பார்க்கிறான்? முடிவைச் சொல்லிவிட்டால்? எங்கள் ஷாப்பில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. அடுத்தவன் சோற்றில் மண்ணைப் போடலாம், கதை முடிவைச் சொல்லக் கூடாது. ஆனால் கை போவதைவிட மண் பரவாயில்லை.

மறுநாள் டீக்கடையில் மணவாளனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அந்தப் பொண்ண யாருடா கொன்னது?"

அவனுக்குச் சிரிப்பு. "நீயா அண்ணாத்தே? நீ எப்ப கதைலாம் கேக்க ஆரம்பிச்ச?"

"சொல்லுடா."

"டாக்டரு" என்றான். பஜ்ஜியை மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்தான். "ஊசி போட்டு... இல்ல, இரு. ஊசி போட்டது கப்பல் கதைல. இதுல தொட்டி இல்ல? தொட்டில தள்னது வந்து... பச்ச சொக்கா போட்டுகினு ஒருத்தன் வருவான் பாரு."

"பச்ச சொக்கா யாரு?"

"அத்தான யோசிக்கறேன். டாக்டராத் தான் இருக்கணும்."

"நீ தானடா எல்லாருக்கும் முன்னாடி முட்ச?"

"முட்சேன். அதுக்கு அப்பால வேற நாலு கத முட்சிட்டேன் இல்ல? எல்லாம் ஞாபகம் வெச்சிக்க இது இன்னா பரிச்சையா?"

எனக்கு அவன் வாயிலிருந்த பஜ்ஜியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் கத்தியைக் காட்டிக்காட்டி ஊரை ஓட வைத்தவன் இடுப்பில் வெறும் உறைதான் இருந்திருக்கிறது. ஜம்புவைக் கேட்டேன். "சமையக்காரி" என்றான். எப்படி என்றதற்கு, "கடைசில யாரோ கதறிக் கதறி அழுதாங்க. அவ தான் எப்பவும் அழுதுகினே இருப்பா" என்றான். இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருத்தன் போலீஸ்காரன் என்றான். ஒருத்தன், கொலையே இல்லை, அவளாகத்தான் விழுந்தாள் என்றான். கண்ணைக் கெடுத்துக்கொண்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கக்கூஸில் வைத்தெல்லாம் விழுங்கினார்களே, ஒருத்தன் வயிற்றிலாவது அது நின்றதா? மாடுகூடத் தின்றதை உட்கார்ந்து அசைபோடும். இவர்கள் தின்றதைத் தின்ற வேகத்திலேயே கழிந்துவிட்டு, அடுத்த இலைக்குக் கை கழுவாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

ரேகாவைக் கேட்டபோது, "சொல்லாத சொல்லாத" என்று காதைப் பொத்தினாள்.

"நான் எங்க சொல்லப் போறேன்? உன்னக் கேக்கறேன்."

"நான் மூணாவது தான் பாத்துகீறேன். ஞாயித்துக்கெழம துணி தொவச்சிப் போட்டுட்டு ஒன்னே ஒன்னு. ஆனா எனுக்குக் கொழுந்தன் மேல தான் டவுட்டு. அவ செத்தன்னிக்கி நாயி கொலைக்கவே இல்ல, கவனிச்சியா? அந்த நாய்க்கு சோறு வெக்கிறது யாரு? அவன் தான்."

"அப்ப மீதியையும் பாத்து முட்சிட வேண்டியது தான?"

"இன்னாத்துக்கு? ஓடிப் பூடுமா அது? வாரம் பூரா அட்டப்பொட்டில டேப்பு ஒட்டிகினே ஒவ்வொருத்தனயா இஸ்த்துப் போட்டு விசாரிக்கிறேன். நேத்து அந்த மாமனார விசாரிச்சேன். ரொம்ப நல்லவன் மாரி பேசறான். பாப்போம்."

அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அந்த ஷாப்பில் அந்தக் கதையால் சந்தோஷப்பட்டு நான் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

எனக்கு முடிவு கிடைக்கவில்லை. பரவாயில்லை, அவள் சந்தேகத்தையே எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றுகொண்டிருந்தபோது வினோத் போனை எடுத்தான். சொன்னேன்.

"கொழுந்தன் தான்டா கொன்னான்."

அவன் கை அப்படியே நின்றது.

"இன்னா சொன்ன?"

"கொழுந்தன். மணவாளன் சொன்னான். முட்ஞ்சிச்சி. இனிமே அதுல பாக்க ஒன்னும் இல்ல. போன உள்ள வெய்யி."

கல்யாண வயசு ஆள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னா மனுசன்யா நீ" என்றான். மாமா என்று சொல்லவில்லை. கேட் திறந்ததும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று போய்விட்டான். ராத்திரி சாப்பிடவும் இல்லை. எல்லம்மா என்னைத்தான் முறைத்தாள். திட்டு வாங்கினாலும் எனக்குள் ஒரு நிம்மதி. மறுநாள் காலையில் அவன் பிரஸ்ஸில் போன் இல்லை. காந்தம் இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம் மட்டும்தான். அன்று மத்தியானம் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் வினோத் மணவாளனைப் பிடித்தான். எனக்குக் கேட்கிற தூரம்தான்.

"கொழுந்தன்னு எங்க மாமா கைல நீ தான் சொன்னியா?"

"நானா? நான் டாக்டருனு தானப்பா சொன்னேன்."

"கொழுந்தன் இல்லியா?"

"யாருக்குத் தெரியும்? ஆனா டாக்டருனு தான் சொன்னேன்."

வினோத் அங்கிருந்தே என்னைப் பார்த்தான். சிரித்தான். என் பொய்யைக் கண்டுபிடித்ததில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். நேராக பிரஸ்ஸுக்குப் போனான். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து ஒட்டினான், டப்பென்று சத்தம் வர.

"இன்னிக்கே முட்சிடறேன் மாமா. நீயா மணவாளனானு பாத்துடலாம்."

எரிகிறதை அணைக்கப் போய் எண்ணெயை ஊற்றிவிட்டேன். முன்னால் அவனுக்கு ஒரு அவசரம்தான் இருந்தது, இப்போது இரண்டாகிவிட்டது. என் பிரஸ் அவனுக்கு எதிர் வரிசையில். தகட்டை வைக்கிறேன், அடிக்கிறேன், அவனைப் பார்க்கிறேன். வைக்கிறேன், அடிக்கிறேன், பார்க்கிறேன். அவன் வாய் பிளந்திருந்தது. வலது கை தானாக அழுத்துகிறது, இடது கை தானாக உள்ளே போய்த் தானாக வெளியே வருகிறது. அந்த ஆளுக்கும் அந்தக் கைகளுக்கும் சம்பந்தமே இல்லை. நான் கத்தினால் திடுக்கிட்டு நடுவில் கையை விட்டுவிடுவானோ என்று கத்தவும் பயம். தகடு தீர்ந்து அவன் நிமிர்கிற நேரம் பார்த்துப் போய்ப் பிடுங்கிவிடலாம் என்று காத்திருந்தேன்.

காத்திருக்கும்போதுதான் அந்தக் கத்தல் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வினோத் இடது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். டையில் கிளவுஸ் மாட்டியிருந்தது. கம்பெனி எல்லாருக்கும் ஒரே அளவு கிளவுஸ்தான் தரும், வினோத்துக்கு அது பெரிசு. விரல் நுனிகள் காலியாகத் தொங்கும். அந்தக் காலி நுனிகளின்மேல் பஞ்ச் இறங்கியிருந்தது. அவன் இழுத்த இழுப்பில் கை உருவிக்கொண்டு வந்துவிட்டது. துணி விரல்கள் நான்கும் பப்படம் மாதிரி நசுங்கி டையில் ஒட்டியிருந்தன.

"கைய காட்டு. டேய், கைய காட்டுடா!"

காட்டினான். எல்லாம் இருந்தது. நகங்கள் மட்டும் சிவந்திருந்தன. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். மணவாளன் ஓடி வந்தான், ஜம்பு ஓடி வந்தான், பேக்கிங்கிலிருந்து ரேகா ஓடி வந்தாள். "கை கீதா? கை கீதா?" என்று எல்லாரும் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஜம்பு "முருகா" என்றான்.

போன் மட்டும் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கீச்சுக் குரலில் கெஞ்சினார்கள், யாரோ மிரட்டினார்கள். மணவாளன் கண் முதலில் அங்கே போனது. பிறகு ஜம்பு. அப்புறம் பின்னால் நின்றவர்கள் எக்கினார்கள்.

"ஆங்!" என்றான் மணவாளன். "இப்ப ஞாபகம் வந்துச்சி. மாமனாரு! அந்தக் கெழவன் தான் மாமே!"

"அடப்பாவி!" ரேகா காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

"பச்ச சொக்கா போட்டுகீறான் பாரு. நான் சொல்லல?"

சிரித்தார்கள். வினோத்தும் திரும்பினான். சிவந்த கையை வயிற்றில் வைத்தபடியே, சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, போனுக்குக் கீழே குனிந்தான். தலை டைக்கும் பஞ்ச்சுக்கும் நடுவில். துணி கட்டியது கட்டியபடி இருக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் நிற்கிற எவன் கைமுட்டியாவது அந்த வலது பொத்தானில் பட்டால் போதும். நசுங்கின கிளவுஸ் அவன் மூக்குக்கு நேராக இருக்கிறது. அதைத் தாண்டி அவன் கதை பார்க்கிறான்.

அவ்வளவு அருவருப்பு எனக்கு எந்த மனுஷன்மேலும் வந்ததில்லை. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினேன். போனைக் காந்தத்தோடு பிடுங்கி டைமேல் வைத்தேன், கிளவுஸ்மேலேயே. இடது பொத்தான் துணியை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு எண்ணெயில் ஊறி இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் கறுப்பு எண்ணெய், அதற்கு முன் எத்தனை பேர் கை பட்டதோ. அவிழ்ந்தது.

"மாமா, இன்னா பண்ற? மாமா!"

இரண்டு கைகளையும் இரண்டு பொத்தான்மேல் வைத்தேன். போர்டில் போட்டிருக்கிறபடி. அழுத்தினேன்.

ஒரே அடி. கீச்சுக் குரல் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு புஸ்ஸென்று புகை வந்தது. ஒரு நாற்றம். பிளாஸ்டிக்கும் முட்டையும் சேர்ந்து கருகின நாற்றம். எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். ஜம்பு மண்ணை வாரிக் கொட்டினான்.

ராகவன் ஓடி வந்தார். கும்பலை விலக்கி டையைத்தான் குனிந்து பார்த்தார்.

"ஐயோ, டை போச்சே! விரிசல் விட்டிருக்கு பாருங்க. யார் பண்ணது?"

"நான் தான் சார். பையன் கை..."

"கைதான் நல்லா இருக்கே, பரந்தாமன்! டை போச்சே!"

விசாரணை முடிகிற வரைக்கும் நானும் வினோத்தும் உள்ளே வரக் கூடாது என்றார். கட்டினது யார், கட்டச் சொன்னது யார் என்று யாரும் பேசவில்லை. சுற்றிப் பார்த்தேன். மணவாளன் தரையைப் பார்த்தான். நாங்கள் கேட்டைத் தாண்டும்போது, இனிமேல் யாரும் போனை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று ராகவன் கத்துவது கேட்டது. அதன் பின்னாலேயே மற்ற பிரஸ்களெல்லாம் மறுபடி அடிக்க ஆரம்பித்துவிட்டன. அடியின் வேகத்தைக் கேட்டாலே தெரிந்தது, எல்லாப் பொத்தானிலும் துணி இருக்கிறது.

வெயிலில் நடந்தோம். வினோத்தின் வலது கைக் கட்டைவிரல் மட்டும் வெறும் உள்ளங்கையை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது, பல்லியின் அறுந்த வால் மாதிரி. பார்க்கச் சகிக்கவில்லை. ரயில்வே கேட் அருகில் அவனே வாயைத் திறந்தான். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"மாமனாருனு தெரிஞ்சிச்சி" என்றான். "ஏன் கொன்னான்னு தான் தெரியாமலே பூட்ச்சி."

நான் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தேன்.

எல்லம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னாயா, பொழுதோட வந்துட்டீங்க?" என்றாள். மெஷின் ரிப்பேர் என்றேன். வினோத் ராத்திரியிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அவளுக்குக் கவலை. சட்டென்று தட்டு வைத்துவிட்டாள். வினோத் உட்கார்ந்தான். அவள் அவனையே பார்த்தாள்.

"இன்னாடா, போன் இல்லாம துன்ற? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவன் சோற்றைப் பிசைந்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கடைசியில் தட்டைப் பார்த்தான். ஈ ஒன்று வந்து சோற்றின்மேல் உட்கார்ந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இடது கையால் விரட்டினான்.

எல்லம்மாவிடம் சொல்ல வேண்டும். கையை முழுசாகக் கூட்டி வந்துவிட்டேன் என்று சொல்லலாம். வாய் வரவில்லை. வாயெல்லாம் இன்னும் அந்த எண்ணெய். அதைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்கலாம் என்று பாக்கெட்டில் கையை விட்டேன். பிசுபிசுவென்று ஏதோ தட்டுப்பட்டது. வெளியே இழுத்தேன்.

வினோத்தின் பிரஸ்ஸில் கட்டியிருந்த துணி. கடித்து அவிழ்த்த கையோடு, பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆடிட் வந்தால் போட்டுக்கொள்வோமே, அதே மாதிரி. எனக்கே தெரியாமல் என் கை அதைச் செய்திருக்கிறது.

எழுந்துபோய் அதைச் சாக்கடையில் எறிந்தேன். சோப்பு போட்டுக் கையைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். நாற்றம் போகவில்லை. திரும்பி வந்தபோது எல்லம்மா எனக்கும் சோறு போட்டு வைத்திருந்தாள். அந்தக் கையை அதில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.